நண்பரின் டிக்கெட்டை நீங்கள் எடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 62 வயது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 37 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் நண்பன் அங்கேயே வெல்டர். அப்ரண்டிஸாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகவே இருக்கிறோம். பயிற்சியின்போது எங்கள் மாஸ்டர், "நீங்க செய்யப்போற கோச்சு சுவிட்சர்லாந்துக்காரன் போட்ட டிசைன்டா" என்றார். அந்த ஊர் ரயிலில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று காலம் போய்விட்டது. இப்போது எனக்கு வசதி இருக்கிறது. அவன் பணமெல்லாம் இரண்டு பெண்களின் கல்யாணத்தில் கரைந்துவிட்டது. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான், பென்ஷன் வருகிறது, அவ்வளவுதான். "உன் செலவையும் நானே பாத்துக்கறேன் மாப்ள" என்று சொன்னேன். மூன்று வாரமாகக் காலை நடைக்கே வரவில்லை. அவனுக்கு மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என் மகன், பத்து நாளில் ஆறு நாடு காட்டும் டூரில் சேர்ந்து போங்கள் என்கிறான். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் சுமார்தான். அடுத்த ஜூன் மாதம் போகலாமா? அவனை எப்படி அழைத்துப் போவது? (அயனாவரம் வாசகர்)

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்து நான்கு வருடமாகப் பயண ஏற்பாடுதான் என் தொழில். சுவிட்சர்லாந்து போக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பனிமலையைக் கேட்பார்கள். ரயில் கோச்சு பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர் நீங்கள்தான் முதல் ஆள். உங்கள் மாஸ்டர் சொன்னது உண்மை. ஜூரிக்குக்குப் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த வாகனத் தொழிற்சாலையோடு 1949இல் ஒப்பந்தம் போட்டுத்தான், 1955 அக்டோபர் 2ஆம் தேதி ஐ.சி.எஃப் திறக்கப்பட்டது. உங்கள் கைப்பட்ட கோச்சுகளுக்கு அந்த ஊர்தான் தாய்வீடு. ஆகவே இதை ஒரு சாதாரணச் சுற்றுலாவாக நினைத்து நான் பதில் எழுதப் போவதில்லை.

முதலில் பண விஷயம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நண்பர் ஏன் நடைக்கு வரவில்லை என்று நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. என்னிடம் பல வருடம் முன்பு இரண்டு பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள், நெருங்கிய சிநேகிதிகள். ஒருவர் வசதியானவர். இருவருக்கும் அவரே பணம் கட்டினார், மனசார, சந்தோஷமாக. நான்தான் அந்தக் குழுவோடு போயிருந்தேன். மூன்றாம் நாள் லூட்ஸர்ன் ஏரிக்கரையில் ஒரு காபிக் கடையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் காபி, கேக் என்று சொல்ல, அந்த இரண்டாவது அம்மா, "எனக்குத் தண்ணி போதும் சார்" என்றார். பையில் பாட்டில் இருந்தது, எடுத்துக் குடித்தார். அன்று மட்டும் இல்லை, எட்டு நாளும் அப்படித்தான். படகில் மேல் தளத்துக்குப் போகலாமா என்று கேட்டால் "நீங்க சொல்றபடி" என்பார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் கட்டியவருக்கு அது கோபமாக மாறியது. "இவ்வளவு செலவு செஞ்சு கூட்டிட்டு வந்தேன், முகத்தத் தூக்கி வச்சிருக்கா" என்று என்னிடம் சொன்னார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அடுத்தவர் காசில் வந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் போய்விடுகிறது, வேண்டும் என்று கேட்கும் உரிமையும் போய்விடுகிறது. திரும்பி வந்த பிறகு அவர்கள் பேச்சு குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

முப்பத்தேழு வருடம் உங்களுக்குச் சமமாக நின்று வேலை செய்தவர் உங்கள் நண்பர். ஒரே நேரம் கார்டு போட்டு, ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர். இந்த ஒரு கனவில் மட்டும் அவரை உங்கள் விருந்தாளியாக ஆக்காதீர்கள். அவர் டிக்கெட்டை அவரே எடுக்கட்டும். அதற்குப் பயணத்தின் அளவை அவர் பைக்குத் தகுந்தபடி நாம் வெட்டித் தைப்போம்.

வெட்ட முடியுமா? முடியும். என் கணக்கை எழுதுகிறேன். டிக்கெட் விலையும் நாணய மாற்றும் ஏறி இறங்கும், அதனால் நேரம் வரும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு விமானம், சென்னையிலிருந்து ஒரு இடத்தில் மாறி ஜூரிக் போய்த் திரும்ப, மாதங்களுக்கு முன்பே எடுத்தால் 65,000 ரூபாய் அளவில் வைக்கலாம். ஷெங்கன் விசாவுக்கு (சுவிட்சர்லாந்தும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) 90 யூரோ, சேவைக் கட்டணமும் சேர்த்தால் 12,000 ரூபாய். காப்பீட்டுக்கு உங்கள் வயதில் 5,000 வரை. சுவிஸ் டிராவல் பாஸ், அதாவது அந்த நாட்டு ரயில், பேருந்து, படகுக்கு ஒரே சீட்டு, 8 நாளுக்கு, இரண்டாம் வகுப்பு, 400 சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டும். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் இதற்கு 48,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு, சமைத்துச் சாப்பிட்டால், 18,000. பாஸில் அடங்காத மலை ரயில்களுக்கும் சில்லறைச் செலவுக்கும் 15,000. மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்து மூன்றாயிரம். நண்பரிடம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஜூன் வரை பென்ஷனில் மாதம் மூவாயிரம், நாலாயிரம் ஒதுக்கினால் வந்துவிடும்.

தங்கும் செலவை நான் சேர்க்கவில்லை என்று கவனித்திருப்பீர்கள். அதை நீங்கள் கட்டுங்கள். இதில் தர்மம் எதுவும் இல்லை. அங்கே அறைக்குத்தான் வாடகை. நீங்கள் தனியாகப் போனாலும் கிட்டத்தட்ட அதே பணத்தைத்தான் கட்டியாக வேண்டும். இந்த வாதத்தை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். கணக்குத் தெரிந்த மனிதர், ஒத்துக்கொள்வார். பதிலுக்கு அவரிடம் ஒன்று கேளுங்கள்: சமையல். ஆயுத பூஜைக்கு ஷாப்பில் இருநூறு பேருக்குப் புளியோதரை கிண்டியவர் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்ததுபோல் இருந்தது. அடுப்போடு கூடிய சின்ன வாடகை வீடுகள் அங்கே நிறைய. ஹோட்டலில் இரண்டு பேர் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் ஐயாயிரம் ரூபாய் போய்விடும். அதே பணத்தில் கூப், மிக்ரோ மாதிரிக் கடைகளில் காய், அரிசி, தயிர், ரொட்டி வாங்கி மூன்று நாள் ஓட்டலாம். அவர் கையால் சமைத்தது உங்கள் வாடகைக்கு ஈடாகிவிடும். அவர் தலை குனிய வேண்டியதில்லை.

ஊரிலிருந்து பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். நெய், பால் பொருள், இறைச்சி, கருவாடு எதையும் பையில் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் கொண்டு வரத் தடை இருக்கிறது. நம்மூர்க் கடை தேவைப்பட்டால் கவலை வேண்டாம், அந்த நாட்டில் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பெரிய ஊர்களில் தமிழ்க் கடைகள் உண்டு. பேர்ன் போகும்போது ஒய்ரோப்பாபிளாட்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். பேர்ன் பெரிய நிலையத்துக்குப் பக்கத்து நிறுத்தம்தான். அங்கே மதங்களின் இல்லம் என்று 2014இல் திறந்த ஒரு கட்டடம், பல மதத்தாரின் வழிபாட்டு இடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அதில் சைவக் கோயிலும் ஒன்று. தமிழில் நாலு வார்த்தை பேச ஆள் கிடைக்கும்.

அடுத்தது உங்கள் மகன் சொன்ன ஆறு நாட்டு டூர். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் உங்களுக்கு அது ஆகாது. நானே அப்படிப்பட்ட டூர்கள் நடத்தியவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அதில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பேருந்தில்தான் போவீர்கள். காலை ஆறரைக்குப் பெட்டியை வெளியே வைக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்கு இரண்டு நாள் ஒதுக்குவார்கள், அதில் ஒரு மலை. ரயிலைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவதற்கா நாற்பது வருடம் காத்திருந்தீர்கள்?

நீங்களே தனியாகப் போகலாம். மற்ற எந்த நாடாக இருந்தாலும் உங்கள் இங்கிலீஷை நினைத்து நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். அங்கே ரயில் நிலையத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும், அது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகையில் புறப்படும் நேரம், ஊர், நடைமேடை எண் இருக்கும். நடைமேடை ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கும், உங்கள் வகுப்புப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று போட்டிருப்பார்கள். வாசலில் தடுப்புக் கதவு கிடையாது. பாஸையும் பாஸ்போர்ட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார வேண்டியதுதான், பரிசோதகர் வந்தால் காட்டுங்கள். சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி செயலியை இங்கேயே போனில் இறக்கி, ஒரு வாரம் அதில் ஊர் பேரைப் போட்டுப் பழகுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: சில வண்டிகள் நடு வழியில் இரண்டாகப் பிரியும். இன்டர்லாக்கனிலிருந்து கிளம்பும் மலை ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற நிலையத்தில் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கும் போய்விடும். உங்களில் ஒருவர் ஒரு பெட்டியிலும் இன்னொருவர் அடுத்ததிலும் ஏறிவிட்டால் சாயங்காலம்தான் பார்த்துக்கொள்வீர்கள். ஏறும்போது பெட்டியின் பக்கத்தில் உள்ள பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

இனி நண்பரின் இதயம். இதில் நான் மருத்துவர் இல்லை. அவருடைய இதய மருத்துவரிடம் இரண்டு கேள்வியை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: நீண்ட விமானப் பயணம் போகலாமா, எவ்வளவு உயரம் வரை போகலாம். யுங்ஃப்ராவ் என்ற பனிமலைக்குப் போகும் ரயிலின் உச்சி நிலையம் 3,454 மீட்டர். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். இன்டர்லாக்கன் 567 மீட்டர். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறிவிடுகிறோம், உடம்பு பழக நேரமே இல்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்போது "நீ கீழ இரு மாப்ள, நான் போயிட்டு வந்துடறேன்" என்று நீங்கள் மட்டும் ஏறாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், மருத்துவர் சம்மதித்தாலும் யுங்ஃப்ராவை விட்டுவிடலாம் என்பதுதான் என் யோசனை. இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 ஃபிராங்குக்கு மேல். பாஸ் இருந்தால் சலுகை உண்டு, அப்போதும் நண்பருடைய பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழும். 1896இல் தொடங்கி 1912இல் முடித்த அந்தப் பாதை பொறியியலில் பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் முக்கால்வாசி மலைக்குள் குடைந்த சுரங்கம். ஜன்னலுக்கு வெளியே பாறை மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பதிலாக லாட்டர்புருன்னனிலிருந்து வெங்கர்ன்ஆல்ப் ரயிலில் கிளைனே ஷைடெக் வரை ஏறி, மறுபக்கம் கிரிண்டெல்வால்டு இறங்குங்கள். 19 கிலோமீட்டர், முழுக்கப் பல்தண்டவாளம், அதாவது நடுவில் பல் வைத்த பட்டையை எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பாதை. உலகத்திலேயே தொடர்ச்சியான பல்தண்டவாளப் பாதையில் நீளமானது இதுதான். மேலே நிலையம் 2,061 மீட்டர், நம் ஊட்டி நிலையத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஊட்டி போய்வந்த நண்பருக்கு இது பெரிய கஷ்டமாக இருக்காது, ஆனாலும் மருத்துவரிடம் இந்த எண்ணையும் சொல்லிவிடுங்கள். நிலையத்தில் இறங்கி நின்றால் ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் நேர் எதிரே. பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிடுங்கள்.

ரயில் என்று வந்துவிட்டதால் எனக்கும் நிறுத்த மனம் வரவில்லை. மேட்டுப்பாளையம் வண்டியில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் ஓடும் பல்தண்டவாளம் இருக்கிறதே, அது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை, ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்துக்கு நேரே. நம் நீலகிரியின் பழைய எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்கள் வின்டர்தூர் என்ற ஊரில் செய்யப்பட்டு வந்தவை. ஜூரிக்கிலிருந்து அரை மணிகூட ஆகாது அந்த ஊருக்கு. நீலகிரியில் ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. லூட்ஸர்னுக்குப் பக்கத்தில் பிலாட்டுஸ் மலை ரயில் 1889இல் வந்தது, அதில் 100 அடிக்கு 48 அடி ஏற்றம், கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. உலகத்தில் இவ்வளவு செங்குத்தான பல்சக்கர ரயில் வேறு இல்லை. அந்த ஏற்றத்தில் மேலிருந்து கடிக்கும் பல்சக்கரம் நழுவி எழும்பிவிடும் என்று, சக்கரத்தைப் படுக்க வைத்து, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். கீழ் நிலையத்தில் குனிந்து பார்த்தாலே தண்டவாளத்தின் இரு பக்கமும் பல் தெரியும். ஒரு ஃபிட்டரும் ஒரு வெல்டரும் அங்கே எவ்வளவு நேரம் குனிந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு வேறு எதுவும் வைக்காதீர்கள். பாஸ் இருந்தால் பிலாட்டுஸுக்குப் பாதிக் கட்டணம். பக்கத்து மலையான ரிகிக்குப் பாஸே போதும், தனிக் கட்டணம் இல்லை. 1871இல் வந்த ரிகி ரயில்தான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில்.

திட்டத்தை இப்படிப் போடலாம். லூட்ஸர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கன் பக்கம் மூன்று இரவு, கடைசியில் ஜூரிக்கில் இரண்டு. வீடு மாற்றுவது இரண்டே முறை. ஜூரிக்கில் இருக்கும்போது ஒருநாள் அதிகாலையில் கிளம்பி, கூர் வழியாக செயின்ட் மோரிட்ஸ் போய்வாருங்கள். அந்த வழியில் லாண்ட்வாஸர் பாலம் வரும். 65 மீட்டர் உயரத்தில் ஆறு வளைவுகள் மேல் வண்டி வளைந்து ஓடி, நேராகப் பாறைச் சுவருக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழையும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், அதற்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன, பாஸ் காட்டி ஏறலாம். மற்றவர்களை இடது, வலது என்று இடம் தேட விடுங்கள், நீங்கள் வண்டி கூட்டமில்லாமல் இருந்தால் பாலத்துக்கு முன்பு எழுந்து வாசல் பக்க ஜன்னலுக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு காலை ஷ்லீரனுக்கு. ஜூரிக் பெரிய நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் பத்து நிமிடம். அந்தப் பழைய தொழிற்சாலை 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது, இப்போது அந்த இடத்தில் அலுவலகங்களும் வீடுகளும்தான். உள்ளூரில் அந்தப் பகுதியை இன்றும் 'வாகி' என்றுதான் சொல்கிறார்கள், வாகன் என்பதன் சுருக்கம். பார்க்க ஒன்றும் இருக்காது, போக வேண்டுமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நீங்கள் இருவரும் போக வேண்டும். உங்கள் ஷாப்பிலும் 2018 ஜனவரியோடு அந்தப் பழைய டிசைன் கோச்சு நின்றுபோனது, நீங்கள் அங்கே இருந்து பார்த்தவர்கள். தொடங்கிய இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா பற்றி முக்கியமான ஒரு எச்சரிக்கை. நண்பரின் கணக்கில் இருப்பு குறைவு என்று நினைத்து, விண்ணப்பிக்கும் முன் அதில் இரண்டு லட்சத்தைப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று வந்த பெரிய தொகைதான் தூதரகத்தில் முதலில் கண்ணில் படும். சொந்தச் செலவில் வருபவர் நாளொன்றுக்குச் சுமார் 100 ஃபிராங்க் காட்ட முடிகிறதா என்று பார்ப்பார்கள். அவரிடம் இருக்கும் உண்மையான சேமிப்பு, மாதாமாதம் பென்ஷன் விழும் வங்கி அறிக்கை, பி.பி.ஓ (பென்ஷன் உத்தரவு) நகல், சொந்த வீடு இருந்தால் அதன் பத்திரம், இவை போதுமான பலம். தங்கும் செலவு உங்களுடையது என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதி வையுங்கள். இருவரும் ஒன்றாகப் போய் ஒரே பயணத் திட்டத்தோடு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மார்ச்சில் கொடுத்துவிட்டால் நிம்மதி. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது ஸ்டென்ட் வைத்ததைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும் என்று மறைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. மறைத்தால், அங்கே நெஞ்சு வலி என்று சேர்த்தபிறகு கம்பெனி கையை விரித்துவிடும். விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு போதும், ஆனால் சுவிஸ் மருத்துவமனைச் செலவுக்கு அது பத்தாது, அதைவிடப் பெரிய தொகைக்கு எடுங்கள். மாத்திரைகள் பதினைந்து நாளுக்கு உரியவை கைப்பையில் இருக்கட்டும், மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சீட்டோடு. சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

சிம் வாங்கும்போது, ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று விற்கும் சிலவற்றில் சுவிட்சர்லாந்து சேராது. பட்டியலில் அந்த நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜருக்கு நம் ஊர் மெல்லிய இரண்டு முள் பிளக் அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

உங்கள் மனைவிமார் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வர விரும்பினால் கணக்கு மாறும், ஆனால் கேட்காமல் போகாதீர்கள்.

எட்டு நாள் ஒரே வீட்டில் இருந்தால் உரசல் வரும். ஷிஃப்ட் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிற நட்பு உங்களுடையது, ஒருவர் குறட்டை இன்னொருவருக்குத் தெரியாது. நடுவில் ஓர் அரை நாள் பிரிந்து போவது என்று இங்கேயே பேசி வையுங்கள். லூட்ஸர்னில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய எஞ்சின்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் அங்கே போங்கள், அவர் படகில் போகட்டும். அல்லது மாற்றி. படகு பாஸில் அடங்கும், அருங்காட்சியகத்துக்குப் பாஸ் காட்டினால் சலுகை உண்டு. சாயங்காலம் பேச விஷயமாவது இருக்கும்.

சரி, அவரை மறுபடியும் எப்படிப் பேச வைப்பது? போனில் வேண்டாம். அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு, விளக்கம் என்று நீளமாக எதுவும் வேண்டாம். "என் காசு வேணாம்னு சொன்னது சரிதான்டா, நான்தான் யோசிக்காம பேசிட்டேன்" என்று ஒரு வரி போதும். பிறகு ஒரு நோட்டைத் திறந்து மேலே எழுதிய கணக்கை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கே குறைக்கலாம் என்று அவர் சொல்லட்டும். ஒன்பது நாள் எட்டாகட்டும், பிலாட்டுஸ் வேண்டாம் ரிகி போதும் என்று அவர் சொன்னால் சரி என்று விடுங்கள். திட்டத்தில் அவர் கைபட்ட பிறகுதான் அது அவருடைய பயணமாகவும் ஆகும்.

அப்புறம், கடிதத்தோடு இருவரின் பாஸ்போர்ட் நகலையும் இணைத்திருந்தீர்கள். உங்களுடையது சரியாக இருக்கிறது. நண்பருடையது அடுத்த ஆகஸ்டில் முடிகிறது. ஜூன் நடுவில் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம், அதாவது செப்டம்பர் நடுவரை அது செல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு விசா கிடைக்காது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நேரம் பதிவு செய்த அன்று சேவை மையத்துக்கு அவரை உங்கள் வண்டியிலேயே கூட்டிப் போங்கள். கட்டணத்தை அவரே கட்டட்டும்.